விட்ட இடம்

அந்த வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அறுவை அரங்கில் மூன்று கண் டாக்டர்கள் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். வரவேண்டிய நோயாளிகள் முப்பத்தெட்டு பேர். வந்தவர்கள் நான்கே பேர். அந்த நான்கு பேரிடமும் போன் கிடையாது. போன் வைத்திருந்த முப்பத்துநான்கு பேருக்கும் திங்கட்கிழமையே எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மெசேஜ் போயிருந்தது: 'தவிர்க்க முடியாத காரணத்தால் வரும் வியாழக்கிழமை நடக்கவிருந்த தங்கள் அறுவை சிகிச்சை தள்ளிவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.' தவிர்க்க முடியாத காரணமும் இல்லை, தவிர்க்க முடிந்த காரணமும் இல்லை. யாரும் எதையும் தள்ளிவைக்கச் சொல்லவில்லை.

மெசேஜ் போனது என் அண்ணியின் கம்ப்யூட்டரிலிருந்து.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியில் அறுவைக்குத் தேதி கொடுக்கும் பிரிவில் பதினாறு வருடமாக வேலை. அவளுடைய கோபம் ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம். பட்டியலில் இல்லாத ஆளை டாக்டர் ஒருவர் சிபாரிசில் நடுவில் நுழைத்தபோது, நேரே அரங்கின் வாசலுக்கே போய், "வரிசைல நிக்கிறவங்க எல்லாம் என்ன பொழுது போகாம நிக்கிறாங்களா?" என்று கேட்டவள். டாக்டர்கள் அவளைக் கண்டால் வேறு வராண்டா வழியாகப் போவார்கள். எட்டு மாதத்துக்கு முன் மழையில் வண்டி சறுக்கித் தலையில் அடிபட்டது. ஏழு மாதத்துக்கு மேல் விடுப்பு. அந்தத் திங்கட்கிழமைதான் திரும்ப வேலைக்கு வந்தாள். வந்த அன்று காலை முதல் காரியமாக இதைச் செய்துவிட்டாள்.

செய்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

நான் அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நானும், ஒரு நாற்காலியும், வயர் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியும்தான் பிரிவு. 'விட்ட இடம்' என்ற அந்த வசதியை அறுபது கம்ப்யூட்டரிலும் போட்டது நான்தான். எங்கள் கண்காணிப்பாளர் எங்கோ ஒரு கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்து தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். விஷயம் என்னவோ நல்லதுதான். ஆபீஸில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் தெரியும், லீவு முடிந்து வந்து உட்கார்ந்தால் 'எதில் இருந்தேன், எதை முடித்தேன், எதை விட்டேன்' என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். இந்த வசதி சில நொடிக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும், பாதியில் நின்ற வேலையை அப்படியே விரித்துக் காட்டி, 'நீங்கள் விட்ட இடம் இது. தொடரலாமா?' என்று கேட்கும். கீழே பச்சை நிறத்தில் 'தொடர்க' என்று ஒரு பட்டன். அந்த வேலையின் அடுத்த படி எதுவோ, அதை அந்தப் பட்டனே செய்துவிடும்.

முதலில் அந்த வேலை நடந்த தேதியும் நேரமும் பக்கத்தில் தெரிந்தன. கண்காணிப்பாளர்தான், "அது எதுக்கும்மா, கசகசன்னு இருக்கு, எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன். பயிற்சி வகுப்பில் ஊழியர்கள் முன்னால் நின்று வாய் கிழியப் பேசினேன். "இனிமே உங்க ஞாபகத்தை நம்பாதீங்க, இதை நம்புங்க. நீங்க மறப்பீங்க, இது மறக்காது." எல்லாரும் கைதட்டினார்கள்.

அண்ணி வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அதே வசனத்தை வீட்டில் அவளிடமும் ஒப்பித்தேன். அவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "எதுல விட்டேன்னே தெரியலையே, போய் உட்கார்ந்து திருதிருன்னு முழிப்பேனே" என்றாள். "நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேணாம் அண்ணி. இதைப் போடுறதுக்கு முன்னாடி பாதியில கிடந்த வேலையைக்கூட அள்ளி வெச்சிருக்கும். அதுவே காட்டும், நீங்க பச்சை பட்டனை அழுத்துங்க, போதும்" என்றேன்.

அவள் அழுத்தினாள். அவ்வளவுதான் நடந்தது.

*

கண்காணிப்பாளர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால். நான் போனபோது அண்ணி நின்றுகொண்டிருந்தாள். எதிரே இரண்டு நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"உட்காருங்க அண்ணி."

"பரவால்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரிடம், "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். நான் வந்த பிறகே அது ஐந்தாவது மன்னிப்பு. அடிபட்டதிலிருந்து அப்படித்தான். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே மன்னிப்புக் கேட்கிறாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்றார் கண்காணிப்பாளர். குற்றம் சொல்லப்போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "பாவம், உங்க நிலைமை புரியுது. ஆனா இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு தேதி மாறிச்சு, நாளைக்கு வேற எதாவது மாறினா? அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் முன்னாடி விசாரணை. வேலைக்குத் தகுதி இல்லன்னு அங்க எழுதிட்டா அது ஃபைல்ல நிரந்தரமா இருக்கும். அதுக்கு முன்னாடி நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா மரியாதையா போயிடும்."

"மெசேஜ் எழுதினது இவங்கதான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றேன்.

"இவங்க சீட்டு, இவங்க பேரு, இவங்க பாஸ்வேர்டு. பழைய அரைகுறை வேலையையும் அது அள்ளிக்கும்னு நீங்கதானே பெருமையா சொன்னீங்க? அடிபடுறதுக்கு முன்னாடி எதுக்கோ எழுதி வெச்சிருப்பாங்க. வந்ததும் என்ன ஏதுன்னு பார்க்காம அனுப்பிட்டாங்க."

"அது பிடிச்சு வெச்ச படங்களோட பதிவைத் திறந்து பாருங்க. எந்த தேதியில எழுதினதுன்னு அதுல இருக்கும்."

"பதிவெல்லாம் ரகசியம். என் சாவியும் பெரிய டாக்டர் சாவியும் சேர்ந்தாத்தான் திறக்கும். இந்த சின்ன விஷயத்துக்கெல்லாம் திறக்க முடியாது."

சின்ன விஷயமாம். ஒருத்தியின் பதினாறு வருடத்தை மடித்து உறையில் போடப் பார்க்கிறார், கேட்டால் சின்ன விஷயம். மேஜை மேலிருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து எங்காவது எறியலாமா என்று தோன்றியது. அண்ணி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

வெளியே வந்தால் அங்கே இன்னொரு கூத்து. பள்ளி பஸ் டிரைவர் ஒருவர் கவுன்டரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வலது கண்ணில் புரை. பள்ளி விடுமுறையில்தான் அவருக்கு அறுவை செய்துகொள்ள முடியும். இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஆறி வர நாள் இருக்காது, கண் சரியில்லாமல் பஸ்ஸைத் தரமாட்டார்கள். "மெசேஜைப் பார்த்துட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கேன்யா! இப்ப போன் பண்ணி ஏன் வரலன்னு கேக்குறீங்க! யாரு அனுப்பினது, அந்த ஆளைக் காட்டுங்க!"

அண்ணி நேரே போய் அவர் முன்னால் கைகூப்பி நின்றாள். "நான்தாங்க. மன்னிச்சுக்குங்க. எனக்குத் தலை சரியில்லைங்க."

டிரைவர் திட்டைப் பாதியில் விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. 'எனக்குத் தலை சரியில்லை' என்று ஊரறியச் சொல்கிற அளவுக்கு இவளை ஆக்கிவிட்டார்களே!

*

வீட்டில் அண்ணன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

"எழுதிக் குடுத்துடட்டும்" என்றான். "வீட்டுல நிம்மதியா இருக்கட்டும். அவளை ஏன் இப்படிப் பாடுபடுத்துறீங்க?"

"யாரு அண்ணா பாடுபடுத்துறது? அவங்க தப்பு பண்ணல."

"பண்ணாளோ பண்ணலையோ. நேத்து கேஸை அணைச்சோமான்னு மூணு தடவை எழுந்து போய் பார்த்தா. இவ முப்பது நாப்பது பேருக்குத் தேதி குடுக்கிறதெல்லாம் வேணாம்."

"மூணு தடவை பார்க்கிறவதான் தேதி குடுக்கணும். ஒரு தடவைகூடப் பார்க்காத உன்னை மாதிரி ஆளை உட்கார வெச்சா ஆஸ்பத்திரியையே கொளுத்திடுவாங்க."

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். நல்லவன்தான். பாசம் என்ற பெயரில் ஆளை மூலையில் உட்கார வைக்கிற நல்லவன். எனக்கு அந்த வகை நல்லவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி அடுக்களையில் நின்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அடிபட்ட பிறகு எல்லாவற்றையும் அதில்தான் எழுதுகிறாள். 'வாசல் விளக்கு அணைத்தாயிற்று.' 'பால் வாங்கியாயிற்று.' ஆரம்பத்தில் எங்கள் பெயரைக்கூட எழுதி வைத்திருந்தாள். முதல் இரண்டு மாதம் அவளுக்கு யார் பெயரும் வரவில்லை. பெற்ற மகளின் பெயர்கூட வரவில்லை. பதினொரு வயது வாண்டு அது, தினமும் அம்மா முன்னால் போய் நின்று, "நான் யாரு சொல்லு?" என்று கேட்கும். அம்மா சிரிக்க முயற்சி செய்வாள். ஒருநாள் மதியம் பெயர் வந்துவிட்டது. அந்த நாளை யார் கேட்டாலும் நிமிடம் நிமிடமாகச் சொல்வேன். வேலையிலிருந்து அப்படியே எழுந்து ஓடினேன். படியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அந்த நிலையிலிருந்து எழுப்பி, நடக்க வைத்து, பஸ் ஏற வைத்து, வேலை வரை கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறோம். அதைத்தான் அந்த மனிதர் ஒரு காகிதத்தில் முடிக்கப் பார்த்தார்.

"அண்ணி, திங்கட்கிழமை என்ன ஆச்சுன்னு அந்த நோட்டுல எழுதியிருக்கீங்களா?"

எடுத்துக் காட்டினாள். 'காலை 9.10. விட்ட இடம் காட்டியது. வியாழக்கிழமைப் பட்டியலுக்கு மெசேஜ். எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து சீட்டில் கேட்டேன். மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அனுப்பியாயிற்று.'

"இதை எழுதின மாதிரி உங்களுக்கு ஒரு துளிகூட ஞாபகம் இல்லையா?"

"இல்ல. ஆனா எனக்கு ஞாபகம் இல்லங்கிறதுல என்ன அதிசயம்?" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு எனக்கு ஒண்ணு தோணுச்சு. நான் இப்படி எழுத மாட்டேனேன்னு. பட்டியல் எடுக்கும்போது நான் எப்பவும் தேதியைப் போட்டுத்தான் எடுப்பேன். இதுல 'வரும் வியாழன்'னு இருந்துச்சு. அப்படி எடுத்தா அது வாராவாரம் தானா மாறிக்கும், ஆபத்து. புதுசா வர்றவங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன், அப்படி எடுக்காதீங்கன்னு. ஆனா மெஷின் நான்தான்னு சொல்லுது. நீயும் சொன்னே, ஞாபகத்தை நம்பாதீங்கன்னு. சரி, நான் இப்படியும் ஒரு காலத்துல எழுதியிருப்பேன் போலன்னு நெனைச்சுக்கிட்டேன்."

எனக்குச் சுரீரென்றது. தலையில் அடிபட்டவளுக்குத் தன் கைவேலை எது, அந்நியக் கை எது என்று தெரிந்திருக்கிறது. மெஷின் சொன்னதற்காக, நான் சொன்னதற்காக, அதை அவள் மென்று விழுங்கியிருக்கிறாள்.

வேறு யாரோ அவள் சீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அது எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய விஷயமே இல்லை. அறுபது பேரின் பாஸ்வேர்டும் துண்டுக் காகிதத்தில் அவரவர் கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும். ஒருவர் லீவு போட்டால் அடுத்தவர் கீபோர்டைத் தூக்கிப் பார்த்து, அவர் பெயரில் உள்ளே போய் வேலையை முடிப்பார். 'விட்ட இடம்' ஆளைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறது. அந்தப் பெயரில் எவர் விட்டதையும் அண்ணி விட்டதாகவே காட்டும். பாஸ்வேர்டை ஒட்டாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டியவள் நான். அனுப்பவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

*

பக்கத்து சீட்டுக்காரரை எல்லாரும் தலையாட்டி என்பார்கள். எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அண்ணியின் விடுப்பில் அவள் வேலையைச் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான். மறுநாள் காலை நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"அண்ணி சீட்டுல உட்கார்ந்து அந்த மெசேஜை எழுதினது நீங்கதானே?"

"நானா? இல்லம்மா. அவங்க வேலையை நான் என் கம்ப்யூட்டர்லயே பார்த்தேன்."

"பொய் சொல்லாதீங்க. பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில இருக்கு, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் உட்காரல."

"திங்கட்கிழமை அவங்க கேட்டப்ப என்ன சொன்னீங்க? மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்! உங்க தப்பை அவங்க தலையில கட்டிட்டு எப்படி சார் சோறு இறங்குது?"

பிரிவில் இருந்த ஒன்பது பேரும் எழுந்து பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப் போனது. பழக்க தோஷத்தில் அதற்கும் தலையை ஆட்டினார். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு இன்னும் நாலு வார்த்தை கொட்டிவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு வாரம் நான் சும்மா இருக்கவில்லை. பதிவைத் திறக்கச் சொல்லி மனு எழுதினேன். கண்காணிப்பாளர் பூசி மெழுகினார். பெரிய டாக்டரின் அறை வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்து, மூன்றாம் நாள் அவர் காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டேன். "விசாரணை அன்னைக்கு அந்த ஒரு பதிவை மட்டும் திறங்க மேடம். அதுல எங்க அண்ணி எழுதினதா இருந்தா, அவங்க கடிதத்தை நானே கொண்டுவந்து தர்றேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "சரி, கதவை விடு" என்றார்.

*

வெள்ளிக்கிழமை, கண்காணிப்பாளரின் அதே அறை. பெரிய டாக்டர், கண்காணிப்பாளர், தலையாட்டி, அண்ணி, நான். அண்ணி மடியில் நோட்டு. நோட்டுக்குள் நான்காக மடித்த ஒரு காகிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தது.

இரண்டு சாவியையும் போட்டார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் பதிவு விரிந்தது. முதல் வரியிலேயே தேதி இருந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி.

"பார்த்தீங்களா!" நான் கத்தியே விட்டேன். "அன்னைக்கு எங்க அண்ணி வீட்டுல படுத்திருந்தாங்க. பெத்த பொண்ணு பேர் தெரியாம படுத்திருந்தாங்க! அவங்களா வந்து உட்கார்ந்து எழுதினாங்க? என்ன ஏதுன்னு விசாரிக்காம தகுதி இல்ல, மரியாதையா போயிடுன்னு சொன்னீங்களே, இப்ப யாருக்கு சார் தகுதி இல்ல?"

கண்காணிப்பாளர், "அப்ப யாரு எழுதினது?" என்றார். எல்லார் கண்ணும் தலையாட்டி மேல் போனது. அவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"படங்களைப் போடுங்க, பார்ப்போம்" என்றார் பெரிய டாக்டர்.

படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. மெசேஜ் பக்கம் திறக்கிறது. பட்டியலில் 'வரும் வியாழன்' தேர்வாகிறது. 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று எழுத்துகள் வருகின்றன. எழுதி முடிகிறது. பிறகு, திரையின் வலது கீழ் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு, போனுக்கு வரும் மெசேஜ் ஒன்று எட்டிப் பார்த்தது. வேலை பார்க்கும்போது வீட்டிலிருந்து சேதி வந்தால் தெரிய வேண்டும் என்று யாரோ தன் போன் மெசேஜை அந்தக் கம்ப்யூட்டரிலேயே திறந்து வைத்திருந்திருக்கிறார்கள்.

'அத்தை அத்தை அம்மா என் பேர் சொல்லிட்டாங்க சீக்கிரம் வா'

அதற்குப் பிறகு நாற்பது படங்களில் எதுவும் அசையவில்லை.

வாண்டுக்கு அத்தை ஒருத்திதான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. கண்காணிப்பாளருக்கு இந்த வசதியைச் செய்து காட்ட, பாதியில் நிற்கிற வேலை ஒன்று வேண்டியிருந்தது. அண்ணியின் சீட் காலியாக இருந்தது. கீபோர்டைத் தூக்கினேன். ஒரு மாதிரிக்கு மெசேஜ் எழுதினேன், அனுப்புவதற்கு அல்ல. செய்து காட்டியதும் அழித்துவிடலாம் என்றிருந்தேன். சேதி வந்தது, ஓடினேன். பிறகு வேறொரு சீட்டில் செய்து காட்டினேன். செருப்பு கழன்றது வரை ஞாபகம் வைத்திருந்த எனக்கு, எந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினேன் என்பது மட்டும் மறந்துவிட்டது.

மூலையில் இருந்த அந்தச் சின்ன எழுத்தை வேறு யாரும் படிக்கவில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் தலையாட்டி பக்கம் திரும்பி, "ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? அடுத்தவங்க சீட்டுல உட்கார்ந்து..." என்று ஆரம்பித்துவிட்டார். தலையாட்டி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடுகிறேன்: திறக்கவில்லை. அண்ணி தப்பித்துவிட்டாள், இப்படியே போகட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரு வாரமாக ஊரையே திட்டிய வாய் அப்போது ஒட்டிக்கொண்டது.

டப்பென்று மேஜையில் சத்தம் கேட்டது. அண்ணி நோட்டை ஓங்கி அடித்திருந்தாள்.

"அவரை ஏன் திட்டுறீங்க? நிறுத்துங்க. அந்த மூலையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

யாரும் படிப்பதற்குள் அவளே எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். 'அம்மா என் பேர் சொல்லிட்டாங்க' என்ற இடத்தில் குரல் ஒரு முறை நின்றது. அந்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை. நாங்கள் சொல்லித்தான் தெரியும். இப்போது முதல் தடவையாக அதைக் கண்ணால் பார்க்கிறாள். அந்த வரியை இன்னொரு தடவை விரலால் தடவிப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இதுக்காகவா ஓடினே?"

தலையை ஆட்டினேன். சாருக்குச் செய்து காட்ட மாதிரியாக எழுதியது என்பதையும் முனகிவைத்தேன்.

"ஓடு. யாரு வேணாம்னா? ஓடுறதுக்கு முன்னாடி அதை அழிச்சிட்டு ஓட எவ்வளவு நேரம்டி ஆகும்? ஒரு நிமிஷம் ஆகுமா? விளையாட்டுக் காட்டுறதுக்கு உனக்கு என் சீட்டுதான் கெடச்சுதா? என் பட்டியல்தான் கெடச்சுதா? அதுல இருக்கிறது என்ன, பொம்மைங்களா? கண் தெரியாதவங்கடி! அந்த டிரைவர் முன்னாடி நான் கையெடுத்துக் கும்பிட்டு நின்னேன், எனக்குத் தலை சரியில்லைன்னு சொன்னேன். என் தலை சரியாத்தான் இருந்திருக்கு! இது என் கை இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது. நீதான் நம்பாதீங்கன்னு சொன்னே. உன்னை நம்பித் தொலைச்சேன் பாரு!"

"அண்ணி..."

"பேசாதே. இந்த மனுஷனை ஒம்பது பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினியாமே. இப்ப அதே ஒம்பது பேர் முன்னாடி போய் மன்னிப்புக் கேளு. இப்பவே." பிறகு கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினாள். "நீங்க சார், அதுல இருந்து தேதியை எடுக்கச் சொன்னது யாரு? தேதி பிரிவுலயே தேதி வேணாமா உங்களுக்கு?"

கண்காணிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். அவளைக் கண்டு டாக்டர்கள் வேறு வராண்டா வழியாகப் போன காலத்தின் பார்வை அது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டு வாங்கி அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

அண்ணி நோட்டிலிருந்து அந்தக் காகிதத்தை உருவினாள். யாரிடமும் கொடுக்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், நின்றபடியே பெயர்களை எழுத ஆரம்பித்தாள். அந்த முப்பத்துநான்கு பேரில் இந்த ஒரு வாரத்தில் புதுத் தேதி கிடைத்தவர்கள் இருபது பேர். கிடைக்காத பதினான்கு பெயர்களையும் பட்டியலைப் பார்க்காமல் எழுதினாள். எழுதி முடித்து என் கையில் திணித்தாள்.

"ஒவ்வொருத்தருக்கும் நீ போன் போடு. அவங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கோ. யாருக்கு எப்ப முடியும்னு கேட்டு எழுது. நான் இடம் பிடிச்சுத் தர்றேன்."

எனக்கு மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். தலையாட்டியிடம் ஒன்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டினார். பிறகு அவர் மேஜையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். முதல் பெயர் பள்ளி பஸ் டிரைவர்.

"நான்தாங்க அந்த மெசேஜை எழுதினது" என்றேன். அவர் அன்றைக்கு விட்ட இடத்திலிருந்தே திட்ட ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டேன். எனக்குப் பின்னால் அண்ணி இன்னொரு போனில் அரங்கைப் பிடித்து வைத்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "திங்கட்கிழமை காலைல ஒரு இடம் வேணும். இல்லன்னு சொல்லாதீங்க, ரெண்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். டாக்டர் டீயை அப்புறம் குடிக்கட்டும்!" வராண்டாவில் போய்க்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் அப்படியே திரும்பி நடந்தார்.

டிரைவர் பாதியில் நிறுத்தினார். "அங்க யாரும்மா பின்னாடி அந்தக் கத்து கத்துறது?"

"எங்க அண்ணிங்க" என்றேன்.